கை படாத விருந்து

சாப்பிடப் போகிற இடத்தில் கையைச் சோதனை போடுவார்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நான் ஜீப்பை அப்படியே திருப்பிக்கொண்டு போயிருப்பேன். யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையன் தரணி போனில் படம் பார்த்து, இடம் பிடித்து, நேரமும் குறித்துவிட்டான். படத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒருவர்கூடச் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதை நான் கவனிக்காமல் விட்டது என் தப்பு.

விஷயம் இதுதான். என் அக்கா சின்னத்தாய் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். அவள் மகள் மோனிஷா பாலக்காட்டில் நர்சிங் படிக்கப் போன இடத்தில் அந்தப் பக்கத்து எருத்தேன்பதிப் பையன் தரணியை விரும்பிவிட்டாள். அவனும் விரும்பினான். அத்தான் உயிரோடு இல்லாததால் தாய்மாமன் நான்தான் அப்பா இடத்தில் நின்று பேச வேண்டியிருந்தது. நானோ காலையில் கொழுந்து மூட்டையும் மத்தியானத்துக்கு மேல் சுற்றுலாக்காரர்களையும் ஜீப்பில் ஏற்றுகிறவன். இரண்டு வகைச் சரக்கும் என்னைப் பேசச் சொன்னதில்லை.

பையன் வீட்டார் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள். சாதி வேறு. ஆனால் அதை அவர்கள் சாதி என்று சொல்லவில்லை, தூரம் என்றார்கள். "ரொம்ப தூரமுங்க" என்று பையனின் அப்பா குப்பண்ணன் போனில் பேசும்போதெல்லாம் சொன்னார். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று சுற்றி எங்கள் மலைக்கு ஏறிவர அரை நாள் பிடிக்கும்தான். ஆனால் அவர் சொன்னது அந்தத் தூரம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சம்பந்தம் பேச வருகிறவர்கள் மனது ஒத்துவரும்வரை பெண் வீட்டாரோடு கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், காபிகூடக் குடிப்பார்கள். சோற்றில் கையை வைத்துவிட்டால் சம்மதித்தாயிற்று என்று பொருள். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊரில் தலை காட்ட முடியாது. மலையிலும் இதே வழக்கம், கீழேயும் இதே வழக்கம். பையனின் அம்மா மருதாத்தாள் இதில் கெட்டிக்காரி. "வந்து பாக்கறமுங்க. கை நனைக்கறதெல்லாம் அப்பறம் யோசிக்கலாமுங்க" என்று முன்னாடியே சொல்லிவிட்டார். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குள் கால் வைக்கவும் அவர்களுக்கு யோசனை இருந்தது. அதனால்தான் பொதுவாக ஓர் இடம் தேவைப்பட்டது.

ஆக, அந்த அம்மாள் ஒரு வாய் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டால் மோனிஷாவுக்குக் கல்யாணம். சாப்பிடாமல் எழுந்துவிட்டால் இல்லை. இவ்வளவு முக்கியமான சாப்பாட்டுக்குப் பையன் தேர்ந்தெடுத்த ஓட்டலின் பெயர் 'அன்டச்ட்'.

"அப்படீன்னா என்றா?" என்று வாசலில் நின்று கேட்டார் குப்பண்ணன்.

"கை படாததுன்னு அர்த்தம்ப்பா."

குப்பண்ணன் அந்தப் பெயர்ப்பலகையை மரியாதையோடு பார்த்தார்.

அது எங்கள் பழைய தேயிலை ஃபாக்டரி. பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இப்போது யாரோ வாங்கி ஓட்டலாக்கிவிட்டார்கள். தகரத்தில் இருந்த துருவைத் துடைக்காமல் அதன் மேலேயே வார்னிஷ் அடித்திருந்தார்கள். துரு உதிர்ந்து போய்விடக் கூடாதாம். உதிர்ந்த இடத்தில் துருவைப் போலவே பெயிண்ட் அடிக்க ஓர் ஆள் ஏணியில் நின்றுகொண்டிருந்தான்.

வாசலில் ஒரு பெட்டி. உள்ளங்கையை அதில் வைக்க வேண்டும். சுத்தமான கை என்றால் பச்சை விளக்கு, கறை பட்ட கை என்றால் சிவப்பு விளக்கும் ஒரு சத்தமும். குப்பண்ணன் வைத்தார், பச்சை. மருதாத்தாள் வைத்தார், பச்சை. தரணிக்கும் மோனிஷாவுக்கும் பச்சை. நான் பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் கும்பிடுகிற மாதாவையும் முருகனையும் ஒருசேரக் கும்பிட்டுக்கொண்டு வைத்தேன், பச்சை. அக்கா வைத்தாள். பெட்டி கத்தியது.

கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரல் ரேகையில் தேயிலைச் சாறு கறுப்பாக ஏறிக்கிடக்கும். அது அழுக்கு இல்லை, சோப்புக்குப் போகாது. இதை அந்தப் பெட்டிக்கு யார் சொல்வது? அக்காவைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவச் சொன்னார்கள். திரும்ப வந்து வைத்தாள், கத்தியது. பிரஷ் கொடுத்தார்கள். அதற்கும் கத்தியது. சம்பந்திகள் ஆகப்போகிறவர்கள் இதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா புதுப் புடவை கட்டியிருந்தாள். எனக்கு அந்தப் பெட்டியை ஜீப்புக்கு அடியில் போட்டு ஏற்ற வேண்டும் போல இருந்தது.

கடைசியில் ஜிஸ்மி என்கிற மலையாளி சர்வர் பெண் நீல நிறத்தில் ரப்பர் கையுறை கொண்டுவந்து, "ஒண்ணும் நெனைக்காதீங்க சேச்சி" என்று மெதுவாகச் சொல்லி அக்காவுக்குப் போட்டுவிட்டாள். மருதாத்தாள் அந்தக் கையுறையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், உள்ளே நடந்தார்.

உள்ளே கொழுந்தை வாட்டப் போடுகிற நீளத் தொட்டிகள்தான் மேசை. நாங்கள் உட்கார்ந்ததும் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பெயர் ஜோபி. வேலை, அனுபவ இயக்குநர். ஓட்டலில் சமையல்காரர், சர்வர், முதலாளி எல்லாரையும் பார்த்திருக்கிறேன். அனுபவத்தை இயக்க ஆள் வைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார்.

"இந்த ஃபாக்டரியில் தலைமுறை தலைமுறையாக எத்தனையோ கைகள் வேலை செய்தன. நாங்கள் ஆராய்ச்சி செய்து பார்த்தோம். எல்லாப் பிரச்சினைக்கும் அந்தக் கைகள்தான் காரணம். கை வியர்க்கும். கை கூலி கேட்கும். கை கொடி பிடிக்கும். அதனால் நாங்கள் கையை மட்டும் எடுத்துவிட்டோம். மீதி இருப்பது கலப்படமில்லாத பாரம்பரியம். இங்கே வயலிலிருந்து உங்கள் வாய்வரை ஒரு கையும் படாது. உங்கள் கையும் படக் கூடாது."

"வயல்ல எப்படிங்க கை படாம?" என்று குப்பண்ணன் விவசாயியாகக் கேட்டுவிட்டார்.

"அதை நாங்கள் காட்டுவதில்லை" என்றார் ஜோபி.

பிறகு அக்கா பக்கம் திரும்பி, "அம்மா இந்த எஸ்டேட்டா? பிரமாதம்! உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை உருவாக்கினோம். கையுறையை மட்டும் கழற்றிவிடாதீர்கள்" என்றார். அக்கா அவரை எழுந்து நின்று கும்பிட்டாள். ரப்பர் கையுறை கீச்சென்றது.

முதல் வகை வந்தது. வந்தது என்பதைவிட வீசியது என்று சொல்ல வேண்டும். அதன் பெயர் 'வாட்டம்'. பழைய காற்றாடிகளை ஓடவிட்டு, ஏலக்காயும் தேயிலையும் கலந்த வாசனையை எங்கள் முகத்தில் அடித்தார்கள். அடித்து முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தட்டில் ஒன்றும் வைக்கவில்லையே என்று நான் ஜிஸ்மியிடம் கேட்டேன். "அதுதான் சேட்டா, முடிஞ்சுது" என்றாள். அவ்வளவுதானாம்.

மருதாத்தாள் விடியுமுன் இரண்டு இட்லி சாப்பிட்டு வண்டி ஏறியவர். சர்க்கரை வியாதிக்காரர். மறையூர் வளைவுகளில் அந்த இட்லியும் வெளியே போய்விட்டது என்று மோனிஷா என் காதில் சொன்னாள். "மாமா, அத்தைக்கு ஏதாவது குடுக்கணும், மொகம் வெளுக்குது" என்றாள் நர்ஸ் பெண். என் பையில் கடலைமிட்டாய் இருந்தது. எடுத்து நீட்டப் போனேன். வெளி உணவு அனுபவத்தைக் கெடுக்கும் என்று ஒருவர் வந்து இடுக்கியால் அதை வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் கேட்டோம். மேலேயிருந்து ஒரு குழாய் இறங்கி வாய்க்கு நேராக நின்றது.

"ஏனுங்க, இது மாட்டுக்கு மருந்து ஊத்தற மாதிரியல்லங்க இருக்குது" என்றார் குப்பண்ணன். ஆனாலும் குடித்தார். தாகம்.

இரண்டாவது வகை, 'உருட்டு'. ஒரு பெல்ட் கிர்கிர் என்று ஓட, அதன்மேல் ஆளுக்கொரு சின்ன உருண்டை உருண்டு வந்தது. உருண்டை நம்மைக் கடந்து போவதற்குள் நீளமான இடுக்கியால் பிடிக்க வேண்டும். பிடித்தால் வாய்க்கு, பிடிக்காவிட்டால் திரும்பச் சமையலறைக்கே போய்விடும். தரணி பிடித்து அம்மாவுக்குக் கொடுக்கப் பார்த்தான். அது நழுவி அவன் சட்டைப் பைக்குள் விழுந்தது. குப்பண்ணன் எழுந்து நின்று, உருண்டையோடு கூடவே நடந்து, தொட்டியின் கடைசிவரை போய், வெறும் இடுக்கியோடு திரும்பி வந்தார். பக்கத்து மேசையில் வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். அக்காவுக்குக் கையுறையில் இடுக்கி நிற்கவே இல்லை. அவள் முயற்சி செய்வதை விட்டுவிட்டு மருதாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். எனக்குச் சோறு வேண்டும். எனக்கு இல்லை, அந்த அம்மாளுக்கு. அவர் மறுப்பதற்காவது ஒரு சோறு வேண்டாமா? சோறே இல்லாத இடத்தில் கை நனைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? ஜோபியைத் தேடிப் பிடித்து, "சார், சாப்பாடு எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"நீங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்" என்றார் அவர், கவலையோடு.

மூன்றாவது வகை 'புளிப்பு'. கொழுந்து புளிக்கக் காத்திருக்க வேண்டும் அல்லவா, அதுபோல நாமும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் பதார்த்தம். ஜோபி மறுபடி வந்து நின்றார்.

"இன்று உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். பல வருஷமாக ஊமையாக இருந்த ஃபாக்டரிச் சங்கைச் சரிசெய்துவிட்டோம். இன்று முதன்முதலாக ஊதப் போகிறது. வேலைக்காரர்களை ஆட்டிவைத்த அதே ஒலி. இப்போது அது யாரையும் ஆட்டாது. வெறும் இசை."

சங்கு ஊதியது.

எங்களுக்கு அது இசை இல்லை. கிள்ளியது போதும், கொழுந்தைக் கொண்டுவந்து எடைக்கு வரிசையில் நில் என்று பொருள். என் கை என்னைக் கேட்காமல் ஜீப் சாவியைத் தேடியது. நான் சுதாரித்து நிமிர்வதற்குள் அக்கா இடுக்கியைப் போட்டுவிட்டு எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்வாசல் வழியாக விறுவிறுவென்று போய்விட்டாள். "அம்மா!" என்று மோனிஷா பின்னாலேயே ஓடினாள்.

மேசையில் எங்கள் பக்கத்துக்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

"என்னுங்க இது?" என்றார் குப்பண்ணன். குரல் மாறியிருந்தது. "பொண்ணூட்டுக்காரங்க பாதியில எந்திரிச்சுப் போறாங்க? எங்களப் புடிக்கலீன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க? இவ்வளவு தூரம் வந்ததுக்கு…"

"ஐயோ, அதில்லங்கய்யா, சங்கு ஊதிருச்சுல்ல…" என்றேன் நான்.

"சங்கு ஊதுனா?"

இதை எப்படி விளக்குவது? அவர் வாழ்நாளில் யாருடைய சங்குக்கும் எழுந்து நின்றதில்லை. மருதாத்தாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நா அந்தம்மாகிட்டயே கேட்டுக்கறேனுங்க" என்று பின்வாசலைப் பார்த்து நடந்தார். தீர்ந்தது கதை என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

வெளியே வந்தால் எதிர்ச் சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மளமளவென்று இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். பழைய எடைக் கொட்டகை முன்னால் அதற்குள் ஒரு வரிசை நின்றுவிட்டது. வரிசையில் முதல் ஆளாக, புதுப் புடவையும் நீலக் கையுறையுமாக என் அக்கா. ஓட்டலுக்குள்ளிருந்து வெளியூர்க்காரர்கள் ஓடிவந்து போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். மூன்றாவது வகை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. "ரியல் வொர்க்கர்ஸ்!" என்று ஒருவர் ஜோபியின் முதுகில் தட்டிப் பாராட்டினார். ஜோபி என்ன நடக்கிறது என்று தெரியாமலே தலை வணங்கி ஏற்றுக்கொண்டார்.

அக்காவுக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. எடை போட ஆள் இல்லை, தராசு இல்லை, தன் தலையில் மூட்டையும் இல்லை. மருதாத்தாள் நேராகத் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"மதினி, மன்னிச்சுருங்க. சங்கு ஊதவும் காலு தானா எந்திரிச்சுருச்சு. நீங்க இருக்கிற நெனப்பே இல்லாமப் போச்சு. எம் மகளுக்கு நானே கேடு பண்ணிட்டேன்…"

மருதாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்க்கரை இறங்கி அவர் கால் தள்ளாடியது. மோனிஷா ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கினாள். அக்கா பல்லால் கடித்துக் கையுறையைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபக்கம் பிடித்தாள். இருவருமாக அவரை எடைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

கொட்டகைக்குள் ஜிஸ்மியும் மற்ற வேலைக்காரர்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கை படாத ஓட்டலில் வேலை செய்கிறவர்களும் மனிதர்கள்தானே, அவர்களுக்குப் பசிக்கும். பெரிய பானையில் கொட்டை அரிசிச் சிவப்புச் சோறு, மஞ்சளாக மோர்க்கறி என்கிற மோர்க்குழம்பு, பயறு, வறுத்த கருவாடு. மோனிஷா ஜிஸ்மியின் டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். மருதாத்தாள் அதைக் குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரே பானை.

அக்கா எதையும் கேட்கவில்லை. ஒரு தட்டைக் கழுவிச் சோற்றைப் போட்டு, மோர்க்கறியை ஊற்றி, முன்னால் வைத்தாள். கருவாட்டையும் எடுத்தாள்.

"அத அந்தப்பக்கம் தள்ளுங்க. இன்னைக்குச் சனிக்கெழமை" என்றார் மருதாத்தாள்.

பிறகு தட்டைப் பார்த்தார். அக்காவின் கறுத்த விரல்களைப் பார்த்தார். வாசலில் நின்ற தன் மகனைப் பார்த்தார். அந்தக் கொட்டகையில் இருந்த தமிழர்கள் ஒருவருக்கும் மூச்சு ஓடவில்லை. இந்த வழக்கம் தெரியாத மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருதாத்தாள் சோற்றில் கையை வைத்தார். மணிக்கட்டுவரை வழிகிற மாதிரி பிசைந்தார். அள்ளிச் சாப்பிட்டார்.

குப்பண்ணன் இடுக்கியோடு வந்து நின்றார். அதைக் கீழே வைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"ஏ புள்ள, கை நனைச்சுட்டியா?"

"பசிச்சுது. நனைச்சுட்டேன்."

"யோசிக்கலாம்னு சொன்னயே?"

"யோசிக்கறதுக்கும் வயித்துல ஏதாச்சு வேணுமல்லங்க? நீங்களும் உக்காருங்க. அந்தக் கொறட்டக் கீழ போட்டுட்டு உக்காருங்க."

குப்பண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேசுகிற ஆள் இல்லை; தட்டைக் கழுவி நீட்டினேன். அவர் உட்கார்ந்தார். அக்கா பரிமாறினாள். பரிமாறும்போது அவள் கண்ணிலிருந்து நீர் சோற்றில் விழாமல் இருக்க முகத்தைத் திருப்பித் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமையை மறந்து குப்பண்ணன் கருவாட்டைக் கடித்துவிட்டதை மருதாத்தாள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

ஜோபி ஓடிவந்தபோது மறுசோறு நடந்துகொண்டிருந்தது.

"இது விருந்தினர் வரக்கூடிய பகுதி இல்லை! இங்கே இருப்பது வெறும் சாப்பாடு!" என்று பதறினார். "அங்கே உங்களுக்காக நான்காவது வகை காத்திருக்கிறது. ஆவி. வெறும் ஆவி."

"நீங்க சாப்புட்டீங்களாங்க?" என்று கேட்டார் மருதாத்தாள்.

ஜோபி திடுக்கிட்டார். அந்த ஓட்டலில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. பானையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைகளைப் பின்னால் இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, எங்களை ஓட்டல் வழியாகவே முன்வாசலுக்குக் கூட்டிப்போகும்படி உத்தரவு போட்டார்.

வெளியே போவதற்கும் அந்தப் பெட்டிதான். உள்ளே வந்த மாதிரியே சுத்தமாகத் திரும்பிப் போகிறோமா என்று பார்ப்பார்களாம். பச்சை வந்தால்தான் கதவு திறக்கும். மருதாத்தாள் கையை வைத்தார். மோர்க்கறி மஞ்சள் நகக்கண்ணிலும் ரேகையிலும் ஏறியிருந்தது. பெட்டி கத்தியது, சிவப்பு. சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொன்னார்கள். கழுவி வந்தார், மறுபடி சிவப்பு. ஒரு பையன் பிரஷ் எடுத்துவர ஓடினான்.

"பிரஷ்ஷெல்லாம் வேண்டாஞ் சாமி" என்றார் மருதாத்தாள். பக்கத்தில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்ற அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தக் கறுத்த கையையும் தன் மஞ்சள் கையையும் சேர்த்தே பெட்டியில் வைத்தார். அது கத்திய சத்தத்துக்கு ஏணியில் நின்றவன் துரு பெயிண்டைக் கீழே போட்டுவிட்டான்.

"பாத்துக்கங்க. எனக்கும் எஞ் சம்பந்திக்கும் ஒரே வெளக்குத்தான் எரியுது" என்றார் மருதாத்தாள். "கதவத் தொறங்க."